ஏணஸ்ட் இரதபோட்: புலப்படாத வாயுவை அளந்த பேரறிஞர்

ஆய்வுகூடத்திலே கருவியொன்று எதிர்பாராத எண்ணைக் காட்டுமிடத்து மாணவன் செய்வது யாது? பெரும்பாலும் அவ்வெண்ணை அழித்துவிட்டுப் பாடநூல் கூறும் எண்ணுக்கு அணித்தான வேறொன்றைக் குறித்துக்கொள்கின்றான். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இதனை வாசிக்கும்போது தம் இளமையை நினைந்து சிறிது நாணுதலுங் கூடும். ஆயின், கதவு திறக்கப்பட்டபோதெல்லாம் தடுமாறிய ஒரு கருவியைக் கண்டு, கதவை அடைத்துவிடுவதோடு அமையாது, அத் தடுமாற்றத்தின் காரணத்தையே தேடிச் சென்றார் ஒரு பெரியார். அத் தேட்டத்தின் பயனாகவே, நாம் சுவாசிக்கும் வளியிலும், அருந்தும் நீரிலும், உறங்கும் அறையிலும் கதிர்த்தொழிற்பாடுள்ள வாயுவொன்று கலந்துள்ளது என்பதையும், அதனை அளக்கும் முறையையும் உலகம் அறிந்தது. அப் பெரியாரே ஏணஸ்ட் இரதபோட் ஆவர். அணுவின் கருவைக் கண்டவர் என்று அவரை யாவரும் அறிவர். அப் பெருஞ் செயலுக்கு வழிகோலிய வாயுவின் வரலாற்றை அறிந்தவர் சிலரே.

இரதபோட் 1871 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 30 ஆந் திகதி, நியூசிலாந்தின் தென்தீவிலே நெல்சன் நகருக்கு அணித்தான ஒரு சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் வண்டிச்சில்லுச் செய்யுந் தொழிலாளர். பிற்காலத்தில் நார்ச்செடியிலிருந்து நார் பிரிக்கும் ஆலையொன்றை நடத்தியவர். தாயார் மார்த்தா திருமணத்துக்கு முன்னர் ஆசிரியையாகக் கடமையாற்றியவர். மக்கள் பன்னிருவருள் ஏணஸ்ட் நாலாமவர். கைத்தொழிலின் நுணுக்கத்தைத் தந்தையிடத்தும், கல்வியின் அருமையைத் தாயிடத்தும் அவர் கற்றார். தோட்ட வேலையும் விறகு வெட்டலும் பள்ளிப் படிப்போடு ஒருங்கே நடைபெற்றன.

செல்வமில்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில்களே ஏணிப்படிகளாயின. 1887 இல் ஒரு புலமைப்பரிசில் அவரை நெல்சன் கல்லூரிக்கு அழைத்துச் சென்றது. 1890 இல் மற்றொன்று கிறைஸ்ற்சேர்ச் நகரிலுள்ள கன்ரபரிக் கல்லூரிக்குக் கொண்டுசேர்த்தது. அங்கே கணிதத்திலும் பௌதிகவியலிலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். 1895 இல், இங்கிலாந்து சென்று ஆராய்ச்சி செய்வதற்கான புலமைப்பரிசிலுக்கு இருவர் போட்டியிட்டனர். அது முதலில் மற்றவருக்கே வழங்கப்பட்டது. அவர் தம் இல்லறக் கடமைகளை முன்னிட்டு அதனை ஏற்காது விடவே, இரண்டாமிடத்தில் நின்ற இரதபோட்டுக்கு அது கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் தோட்டத்திலே உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார் என்பர். இரண்டாமிடம் பெற்றோம் என்று சோர்வுறும் மாணவர் இச் செய்தியை நினைவிற் கொள்வாராக.

கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை அக்காலத்திலேயே பிற சர்வகலாசாலைப் பட்டதாரிகளை ஆராய்ச்சி மாணவராக ஏற்கத் தொடங்கியிருந்தது. அவ்வாறு கவெண்டிஷ் ஆய்வுகூடத்தை அடைந்த முதல்வருள் இரதபோட்டும் ஒருவர். அங்கே தலைவராக விளங்கியவர் ஜே. ஜே. தொம்சன். எக்ஸ் கதிர்கள் வளியினூடு செல்லும்போது அவ்வளி மின்னைக் கடத்தும் இயல்பைப் பெறுகின்றது என்பதைக் குருவும் சீடரும் சேர்ந்து ஆராய்ந்தனர். பின்னர் யுரேனியத்தின் கதிர்களை ஆராய்ந்த இரதபோட், அவை இருவகையின என்று கண்டு, அல்பா, பீற்றா எனப் பெயரிட்டார். மின்னைக் கடத்தும் வளியின் அளவைக் கொண்டு கதிரின் அளவை அறியலாம் என்ற இம் முறையே அவர் வாழ்நாளிற் கைக்கொண்ட முதற் படைக்கலமாகும்.

1898 இல், தமது இருபத்தேழாவது வயதில், கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் சர்வகலாசாலையிற் பௌதிகவியற் பேராசிரியராக நியமனம் பெற்றார். அங்கிருந்த ஆய்வுகூடம் வில்லியம் மக்டொனல்ட் என்னும் புகையிலை வணிகரின் கொடையால் அமைந்தது. புகையிலையால் பெருஞ்செல்வம் ஈட்டிய அவ்வணிகர் புகைத்தலை வெறுத்தவர். எந்நேரமும் சுங்கானோடு காணப்பட்ட இரதபோட், கொடையாளர் வருகின்றார் என்று கேட்டதும் சாளரங்களைத் திறந்து புகையை வெளியேற்றுதல் வழக்கமாம்.

அவ்வாய்வுகூடத்திலேதான் நாம் முற்கூறிய கதவின் கதை நிகழ்ந்தது. மின்னெந்திரவியற் பேராசிரியராக இருந்த ஓவன்ஸ் என்பவர், இரதபோட்டின் தூண்டுதலால் தோரியத்தின் கதிர்களை அளந்துகொண்டிருந்தார். யுரேனியம் எப்போதும் ஒரே அளவைக் காட்டியது. தோரியமோ நிலையின்றி மாறியது. மூடிய பெட்டியில் அளவு ஏறிற்று. கதவு திறக்கப்பட்டுச் சிறு காற்று வீசியதும் அளவு இறங்கிற்று. கதிர் என்பது ஒளியைப் போன்றதாயின், காற்று அதனை எங்ஙனம் அடித்துச் செல்லும்? இவ்வினாவை இரதபோட் விடாது பற்றிக்கொண்டார்.

1899 இல் அவர் செய்த சோதனை எளிமையானது. தோரியம் ஒட்சைட்டைக் கடதாசியிற் பொதிந்து ஒரு குழாயில் வைத்தார். அதன்மேல் மெல்லிய வளியோட்டத்தைச் செலுத்தி, அவ்வளியைத் தொலைவிலிருந்த உலோகப் பாத்திரமொன்றினுள் விடுத்தார். பாத்திரத்தின் நடுவே காவலிடப்பட்ட கோலொன்று மின்மானியோடு இணைக்கப்பட்டிருந்தது. தோரியம் அங்கில்லாதபோதும் பாத்திரத்து வளி மின்னைக் கடத்தியது. அவ்வளியைப் பஞ்சினூடு செலுத்தினார்; நீரினூடும் கடுமையான சல்பூரிக்கமிலத்தினூடும் குமிழியிடச் செய்தார்; அதன் ஆற்றல் குறையவில்லை. ஆகவே அது தூசியன்று; தோரியத்திலிருந்து வெளிப்படும் ஒருவகை வாயுவே எனக் கருதினார். வெளிப்படுவது என்னும் பொருள்பட அதற்கு எமனேசன் என்று பெயரிட்டார்.

பின்னர் வளியோட்டத்தை நிறுத்திவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தவாறே மின்மானியைக் கவனித்தார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஆற்றல் பாதியாயிற்று. அடுத்த நிமிடத்தில் எஞ்சியதிற் பாதி. அதற்கடுத்த நிமிடத்தில் அதிலும் பாதி. பத்து நிமிடங்களில் ஆயிரத்திலொரு பங்கே எஞ்சும். கதிர்த்தொழிற்பாடுள்ள பொருள் யாவற்றுக்கும் உரிய அரைவாழ்வுக் காலம் என்னும் கருத்து இங்ஙனம் பிறந்தது. இதிலே ஓர் அரிய உண்மை அடங்கியுள்ளது. எடையிட முடியாத, நிறமும் மணமும் அற்ற பொருளை, அது அழியும் வேகத்தைக் கொண்டே இனங்காணலாம் என்பதே அது. மனிதரை முகத்தால் அறிவதுபோல, இத்தகைய பொருள்களை அவற்றின் ஆயுளால் அறியலாம்.

அடுத்த ஆண்டிலே, ஜேர்மனியின் ஹாலே நகரில் டோண் என்னும் அறிஞர், இரேடியமும் இத்தகைய வாயுவை வெளிவிடுகின்றது என்று கண்டார். அதுவே இன்று இரேடன் எனப்படுவது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 3.8 நாள். 1900 இல் நியூசிலாந்து சென்று, தம்மை ஐந்தாண்டு காத்திருந்த மேரி நியூட்டன் என்னும் நங்கையை மணந்து திரும்பிய இரதபோட், தம் மாணவியாகிய ஹரியற் புறூக்ஸ் என்பவரோடு இப் புதிய வாயுவை ஆராய்ந்தார். அது வளியினூடு பரவும் வேகத்தை அளந்த இருவரும், அது மிகவும் பாரமான வாயு என்று 1901 இல் நிறுவினர். பின்னர் பிரெடரிக் சொடி என்னும் இளம் இரசாயனவியலாளர் துணைவரானார். எந்தப் பொருளோடும் சேராத சடத்துவ வாயுவே அது என்பதையும், திரவ வளியின் குளிரில் அது ஒடுங்கிப் படிகின்றது என்பதையும் இருவரும் காட்டினர்.

இதனால் எழுந்த முடிவு அக்காலத்தவரைத் திகைப்பிலாழ்த்தியது. தோரியம் ஓர் உலோகம். அதிலிருந்து வருவதோ ஒரு சடத்துவ வாயு. அப்படியாயின் ஒரு மூலகம் வேறொரு மூலகமாக மாறுகின்றது என்பதன்றி வேறு பொருளில்லை. அணு அழியாதது என்ற பழங் கொள்கை 1902, 1903 ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளாற் சரிந்தது. கதவிடுக்கிற் புகுந்த சிறு காற்று, இரசாயனவியலின் அத்திவாரத்தையே அசைத்துவிட்டது.

இவ்வாயு ஆய்வுகூடத்துக்குள் மட்டும் அடங்கியதன்று என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர்கள் இரு பாடசாலை ஆசிரியர்கள். ஜேர்மனியின் வொல்பன்பியூற்றல் என்னும் ஊரிலே கற்பித்துவந்த எல்ஸ்ரர், கைற்றல் என்னும் நண்பர் இருவர், 1901 இல் நீண்ட கம்பியொன்றை வெட்டவெளியிற் கட்டி, அதற்கு எதிர் மின்னேற்றம் கொடுத்தனர். சில மணிநேரத்தின் பின் அக் கம்பி கதிர்த்தொழிற்பாடுடையதாயிற்று. குகைகளிலும் நிலவறைகளிலும் அடைபட்டுக் கிடந்த வளியோ வெளிவளியைவிடப் பன்மடங்கு ஆற்றலோடிருந்தது. எமனேசன் அழியும்போது தோன்றும் திண்மப் பொருள்கள் எதிர் மின்னேற்றமுள்ள கம்பியிற் படியும் என்பதை இரதபோட் முன்னரே அறிவித்திருந்தார். ஆகவே இந் நிகழ்ச்சியின் உட்பொருள் விரைவிற் புலனாயிற்று. மண்ணிலும் பாறையிலும் இம்மியளவு கலந்துள்ள இரேடியத்திலிருந்து அவ்வாயு இடையறாது கசிந்து வளியிற் கலக்கின்றது.

மொன்றியலில் இரதபோட்டும் அலன் என்னும் மாணவரும் அச் சோதனையைத் தொடர்ந்தனர். புதிதாகப் பெய்த பனியும் கதிர்த்தொழிற்பாடுடையதென அலன் கண்டார். கேம்பிறிட்ஜில் தொம்சன், ஆழ்கிணற்று நீரைக் கொதிக்கவைத்தும் அதனூடு வளியைச் செலுத்தியும், நீரில் கரைந்திருந்த கதிர்த்தொழிற்பாடுள்ள வாயுவைப் பிரித்தெடுத்தார். இவ்வாறு வளி, நீர், வீட்டின் நிலவறை என்னும் மூவிடத்தும் ஒரே வாயுவின் தடம் காணப்பட்டது.

ஆயின், வெளிவளியில் அது எத்துணை உளது என்று கணக்கிடுவது எங்ஙனம்? இங்கேதான் இலங்கையர் யாவரும் நன்கறிந்த பொருளொன்று துணைக்கு வந்தது. அதுவே தேங்காய்ச் சிரட்டைக் கரி. சாதாரண வெப்பநிலையிலேயே சிரட்டைக் கரி இரேடிய எமனேசனை உறிஞ்சிக்கொள்ளும் என்றும், சூடாக்கியதும் அதனை விட்டுவிடும் என்றும் 1906 இல் இரதபோட் அறிவித்தார். அவருடைய துணையாளராகிய ஈவ் என்பவர், பெருமளவு வளியைக் கரியினூடு இழுத்து, பின்னர் கரியைச் சூடாக்கி, வெளிவந்த வாயுவை மின்காட்டியினுள் விடுத்தார். நிறையறிந்த இரேடியத்திலிருந்து பெற்ற வாயுவின் ஆற்றலோடு அதனை ஒப்பிட்டு, மொன்றியல் நகரத்து வளியில் அது எவ்வளவு என்று கணக்கிட்டார். கரியால் உறிஞ்சி அளக்கும் இம் முறை இன்றும் உலகெங்கும் வீடுகளிற் கையாளப்படுகின்றது.

நம் நாட்டோடு இவ்வரலாற்றுக்குள்ள தொடர்பு சிரட்டைக் கரியோடு நின்றுவிடவில்லை. 1904 இல், ஆனந்த குமாரசுவாமி அவர்கள் இலங்கையின் கனிப்பொருளாய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்த காலத்திலே, சப்பிரகமுவ மாகாணத்திற் கிடைத்த கரிய கனமான கனிப்பொருளொன்று ஆராயப்பட்டது. அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டாகையால் அது தோரியனைற்று என்று பெயர்பெற்றது. இலண்டனில் றம்சே என்பாரின் ஆய்வுகூடத்திலே அக் கனிப்பொருளை ஆராய்ந்த ஒற்றோ ஹான் என்னும் ஜேர்மானிய இளைஞர், அதிலிருந்து இரேடியோதோரியம் என்னும் புதிய பொருளைக் கண்டார். அக் கண்டுபிடிப்போடு 1905 இல் அவர் மொன்றியல் சென்று இரதபோட்டின் மாணவரானார். நம் மலைநாட்டுக் கல்லொன்று அவ்விருவரையும் ஒன்றுசேர்ப்பதிற் பங்குகொண்டது என்பதில் நாம் பெருமிதமடையலாம்.

1907 இல் இரதபோட் இங்கிலாந்து திரும்பி, மான்செஸ்ரர் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். அங்கும் அவ்வாயுவே அவருக்கு ஆய்வுப்பொருளாயிற்று. வியன்னாவிலுள்ள விஞ்ஞானக் கழகம் இரேடியத்தை இரவலாக வழங்கியது. அதிலிருந்து பெற்ற எமனேசனை, மிக மெல்லிய சுவருடைய கண்ணாடிக் குழாயினுள் அடைத்தார். அத்தகைய குழாயை ஊதித் தந்தவர் பௌம்பாக் என்னும் கண்ணாடித் தொழிலாளர். அல்பாத் துணிக்கைகள் அச் சுவரை ஊடுருவிச் சென்று வெளிக்குழாயிற் சேர்ந்தன. இரு நாட்களின் பின்னர் அவ்வெளிக்குழாயில் ஈலியத்தின் மஞ்சட் கோடு நிறமாலையில் மங்கலாகத் தோன்றிற்று. ஆறு நாட்களில் ஏனைய கோடுகளும் தெளிவாயின. அல்பாத் துணிக்கை மின்னேற்றம் பெற்ற ஈலியமே என்பது ஐயமற நிறுவப்பட்டது. 1908 ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தாம் கண்ட மாற்றங்கள் எல்லாவற்றிலும், பௌதிகவியலாளரான தாம் ஒரு கணத்தில் இரசாயனவியலாளராக மாறியதே மிக விரைவானது என்று அவர் வேடிக்கையாகக் கூறினாராம்.

கைகரும் மாஸ்டனும் 1909 இல் மெல்லிய உலோகத் தகட்டின்மீது அல்பாத் துணிக்கைகளைச் செலுத்தி, சில பின்னோக்கித் திரும்பியதைக் கண்டபோது, அத் துணிக்கைகளைத் தந்ததும் குழாயில் அடைத்த எமனேசனே. எதிர்பாராத அவ்விளைவையும் இரதபோட் புறக்கணிக்கவில்லை. ஈராண்டு சிந்தித்து, 1911 இல் அணுவின் நடுவே மிகச் சிறிய கரு உண்டு என்று அறிவித்தார். மொன்றியலிற் கதவின் காற்றுக்குச் செவிகொடுத்த அதே மனப்பான்மை இங்கும் வென்றது.

அளவு என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுமாயின் அதனாற் பயனில்லை என்பதை அவர் நன்குணர்ந்தவர். 1910 இல் பிரசெல்ஸ் நகரிற் கூடிய அறிஞர் அவை, இரேடியத்துக்கு ஒரு பொது நியமம் வகுக்கக் குழுவொன்றை அமைத்து, அவரை அதன் தலைவராக்கிற்று. ஒரு கிராம் இரேடியத்தோடு சமநிலையிலிருக்கும் எமனேசனின் அளவுக்குக் கியூரி என்னும் பெயர் அப்போது இடப்பட்டது. நெடுங்காலம் கதிர்த்தொழிற்பாட்டின் பொது அலகாக விளங்கிய கியூரி, தொடக்கத்தில் இவ்வாயுவின் அளவாகவே பிறந்தது.

அவருடைய பண்பை விளக்க ஒரு செய்தி போதும். முதலாம் உலகப் போரின் பின்னர், வியன்னாவிலிருந்து இரவலாகப் பெற்ற இரேடியம் பகைநாட்டுச் சொத்தாகவே பிரித்தானிய அரசாங்கத்தாற் கருதப்பட்டது. அதனை விலையின்றி வைத்திருக்க அவர் உடன்படவில்லை. வியன்னாவிலிருந்த அறிஞர்கள் வறுமையில் வாடிய அக்காலத்தில், 1921 இல், அதற்குரிய விலையை அவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். ஆய்வுகூடத்தில் அளவு பிழைக்காதிருந்தவர், வாழ்விலும் நிறை பிழைக்கவில்லை.

1919 இல் தொம்சனுக்குப் பின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தின் தலைவரானார். அவ்வாண்டிலே, அல்பாத் துணிக்கை தாக்கிய நைதரசனிலிருந்து ஐதரசன் கரு வெளிப்படுவதை அறிவித்தார். 1925 முதல் 1930 வரை அரச கழகத்தின் தலைவராக விளங்கினார். 1930 டிசம்பரில் ஒரே மகளாகிய ஐலீன் இறந்த துயரம் ஆறுமுன், 1931 இன் தொடக்கத்திற் பிரபுப் பட்டம் வந்தது. 1933 இல், ஜேர்மனியிலிருந்து துரத்தப்பட்ட அறிஞர்களுக்கு உதவும் கழகத்துக்குத் தலைமை தாங்கினார். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடைபெறவிருந்த இந்திய விஞ்ஞான மகாநாட்டின் வெள்ளி விழாவுக்குத் தலைமை வகிக்கவும் இசைந்திருந்தார். அவ்விழாவைக் காண விதி அவரை விடவில்லை. 1937 ஒக்ரோபர் 19 ஆந் திகதி, குடலிறக்கத்துக்குச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின் பின் காலமானார். அவரது அஸ்தி, இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில், நியூட்டனின் சமாதிக்கு அருகே அடக்கஞ் செய்யப்பட்டது. கல்கத்தாவிலே ஜேம்ஸ் ஜீன்ஸ் அவருக்குப் பதிலாகத் தலைமை வகித்தார்.

இரதபோட் அவ்வாயுவின் ஆயுளை அளந்தார், பாரத்தை அறிந்தார், அதனைக் கருவியாக்கி அணுவையே திறந்தார். ஆயின் அது மனிதரின் சுவாசப்பைக்குச் செய்யுந் தீங்கு அவர் காலத்தில் தெளிவாக உணரப்படவில்லை. ஜேர்மனியின் ஷ்னீபேர்க் சுரங்கங்களில் உழைத்தோர் சுவாசப்பைப் புற்றுநோயால் மடிந்தமை 1879 இலேயே எழுதப்பட்டிருந்தது. அதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. உள்ளே சென்ற இரேடனின் பெரும்பகுதி மூச்சோடு வெளியேறிவிடும். அது அழிந்து தோன்றும் திண்மத் துணிக்கைகளோ சுவாசப்பையிற் படிந்து அல்பாக் கதிர்களை வீசும். கம்பியிற் படிவதாக இரதபோட் கண்ட அதே பொருள்களே இவை. 1988 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இரேடனை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று வகுத்தது.

சுரங்கத்தில் மட்டுமன்று, வீட்டிலும் அது குவியலாம் என்பதை 1984 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிகழ்ந்த சம்பவம் உணர்த்தியது. கட்டி முடியாத அணுமின் நிலையமொன்றில் வேலைசெய்த ஒருவர் வாயிலைக் கடக்கும்போது எச்சரிக்கை மணி ஒலித்தது. கதிர்த்தொழிற்பாடு நிலையத்திலிருந்து வந்ததன்று. அவர் தம் வீட்டிலிருந்தே அதனை உடையிற் கொண்டுவந்திருந்தார். அவர் வீட்டு வளியில் ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கரல் இரேடன் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009 இல் விதந்துரைத்த அளவு 100 பெக்கரல்; அது இயலாதவிடத்தும் 300 ஐ மிஞ்சலாகாது. வீட்டு வளியை இன்று அளப்போர் கரிச்சிமிழ்களை ஓரிரு நாள் வைத்து எடுக்கின்றனர். அன்றேல், அல்பாத் துணிக்கைகள் பதிக்கும் வடுக்களை ஏற்கும் பிளாத்திக்குத் துண்டுகளைப் பல மாதம் வைத்து, பின்னர் அவ்வடுக்களை எண்ணுகின்றனர். மிகையாயின் நிலத்தின் வெடிப்பை அடைத்தலும், அடித்தளத்தின் கீழுள்ள வளியைக் குழாயால் வெளியேற்றுதலும், காற்றோட்டத்தைப் பெருக்குதலும் பரிகாரங்களாம். திறந்த கதவு அளவைக் குறைக்கும் என்பது மொன்றியலில் 1899 இலேயே கண்ட உண்மையன்றோ!

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலும் கருவிகள் தடுமாறும். அத் தடுமாற்றங்களுட் பல நம் கவனக்குறைவாலே நிகழ்வன. இரதபோட்டும் முதலில் அவ்வாறே ஐயுற்றிருப்பார். ஆயினும் கவனக்குறைவன்று என்று தெளிந்தபின்னர் அவர் எண்ணை அழிக்கவில்லை. இன்று இவ்வாய்வுகூடத்தில் நிற்கும் இளைஞர்கள் தம் குறிப்பேட்டிற் கண்டதைக் கண்டவாறே எழுதுவார்களாக. ஆசிரியர்களும் அவ்வாறு எழுதப்பட்ட பொருந்தாத எண்ணுக்குப் புள்ளி குறைப்பதன் முன் ஒரு கணம் தயங்குவார்களாக. ஓர் உயிரைக் காக்கும் அளவை, என்றோ ஒரு நாள், அத்தகைய எண்ணொன்றிலிருந்தே பிறத்தல் கூடும்.